கேட்டதற்குப் பதில் எழுதுவோம். கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குவோம்



1978-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கப்பலேறி வந்து ஹேடோ ஜெட்டியில் இறங்கியபோது எனக்கு நடந்த தேர்வு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. இறங்கிய ஆறு பேரை வரிசையாக நிற்கச் சொன்ன மேஸ்திரி முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். ஊர் எது என்று கேட்டார். "நாளைக்குக் காலையில் வந்துவிடு" என்றார். அவ்வளவுதான். விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை. மூட்டை தூக்க முடிந்தவனுக்கு வேலை. முடியாதவன் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான்.

நம்மில் பலர் இத்தீவுகளுக்கு வந்த கதை ஏறக்குறைய இதுதான். துறைமுகத்தில் சுமந்தோம், சாலை போட்டோம், கட்டடம் கட்டினோம். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்ந்த சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தோளைக் காட்டி வேலை வாங்கிய தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். இவர்களிடம் இன்று யாரும் தோளைப் பார்ப்பதில்லை. தாளைப் பார்க்கிறார்கள். அந்தத் தாளில்தான் நம் பிள்ளைகள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் வருத்தம். அதை மாற்ற முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு பையனின் கதை

எங்கள் தெருப் பையன் ஒருவன். ஐ.டி.ஐ. படித்து வெல்டர் தொழிலில் தேறியவன். காண்டிராக்டர்களிடம் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்கிறான். ஓர் அலுவலகத்தில் வேலைக்கு அறிவிப்பு வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. "ஐ.டி.ஐ. தேர்ச்சிக்குப் பின் இரண்டு வருட அனுபவம்" என்று அதில் கேட்டிருந்தார்கள். பையனிடம் இருப்பதோ ஐந்து வருடம். மகிழ்ச்சியோடு விண்ணப்பித்தான். முதல் சலிப்பிலேயே பெயர் விழுந்துவிட்டது.

என்னிடம் ஓடி வந்தான். "நம்ம ஆளு இல்லைன்னு தள்ளிட்டாங்க மாமா" என்றான். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்த்தேன். அனுபவச் சான்று என்று அவன் இணைத்திருந்த கடிதத்தில் காண்டிராக்டர் எழுதியிருந்தது இவ்வளவே: இவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும், நல்ல ஒழுக்கமுள்ளவர், கடினமாக உழைப்பவர்.

எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? இல்லை. என்ன வேலை? இல்லை. ஐ.டி.ஐ. தேர்ச்சிக்கு முன்னா, பின்னா? இல்லை. கேட்ட கேள்வி மூன்று. மூன்றுக்கும் பதில் இல்லை. கேட்காத ஒழுக்கத்துக்கு மட்டும் சான்று இருந்தது! சரிபார்க்கும் குமாஸ்தா நம் சொந்தக்காரராகவே இருந்தாலும் இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

இத்தீவுகளில் பாரபட்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாரபட்சம் காட்ட நினைப்பவனுக்கு நாமே காரணத்தை எழுதிக் கையில் கொடுத்துவிடக் கூடாது என்று சொல்கிறேன்.

அறிவிப்பு ஒரு வினாத்தாள்

வேலை அறிவிப்பை நம் பிள்ளைகள் செய்தியாகப் படிக்கிறார்கள். அதை வினாத்தாளாகப் படிக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாள் என்று எண்ணி வைக்க வேண்டும்.

கட்டாயத் தகுதி என்று போட்டிருந்தால் அதில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் நிற்காது. விரும்பத்தக்க தகுதி என்று போட்டிருந்தால் அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இருந்தால் சொல்லாமல் விடக்கூடாது. ஐந்து பணியிடத்துக்கு ஐந்நூறு பேர் விண்ணப்பித்தால் எல்லோரையும் அழைக்க வேண்டியதில்லை, நியாயமான அளவுகோல் வைத்துச் சலித்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே மத்தியப் பிரதேச தேர்வாணைய வழக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. தகுதி இருப்பது வேறு, அழைக்கப்படுவது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பது விண்ணப்பம்.

முன்னாளில் நேர்முகத் தேர்வு என்று ஒன்று இருந்தது. தாளில் விட்டதை வாயால் சொல்லிச் சமாளித்தவர்கள் உண்டு. (சிபாரிசால் சமாளித்தவர்களும் உண்டு என்பதை மறைப்பானேன்?) 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. சிபாரிசுக்காரர்களுக்கு அது இழப்பு, நமக்கு நல்லதுதான். ஆனால் அதன்பின் நமக்காகப் பேசும் வாய்கள் இரண்டே: ஒன்று எழுத்துத் தேர்வு அல்லது தொழில் தேர்வு; இன்னொன்று விண்ணப்பம்.

தேதியும் ஒரு நிபந்தனையே. தேர்வு எழுதிவிட்டேன், முடிவு அடுத்த மாதம் வரும் என்பது பதிலாகாது. விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று தகுதி கையில் இருக்க வேண்டும் என்பது 1993 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விதி. கப்பல் வேலைக்குப் போகும் நம் பையன்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். கடற்பயணப் பதிவேடும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வைத்திருப்பார்கள். அந்தச் சான்றின் காலம் முடிந்திருக்கும். முடிந்த சான்று இல்லாத சான்றுக்குச் சமம். தேதியில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அஞ்சலில் அனுப்பும் விண்ணப்பங்களுக்கு அந்தமான், லட்சத்தீவு போன்ற தொலைவிடங்களில் இருப்போருக்கு மத்திய அறிவிப்புகள் பலவற்றில் கூடுதல் நாள் கொடுப்பார்கள். அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதுவரை படிப்பவர் எத்தனை பேர்?

மிகுதியான தகுதியும் சில வேளை தகுதிக் குறைவாகும். பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு ஆள் கேட்டபோது பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. ஒரு பட்டதாரி தன் பட்டத்தை மறைத்து வேலையில் சேர்ந்தார். விஷயம் வெளியே வந்தது. வங்கி செய்தது சரியே என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டதாரி பியூன் வேலைக்கு அலையும் நாட்டு நிலைமை வெட்கக்கேடுதான். ஆனாலும் விண்ணப்பத்தில் பொய் எழுதினால் வேலையோடு வழக்கும் போய்விடும் என்ற பாடத்தை மறந்துவிடலாகாது.

எப்படி எழுதுவது?

ஆஸ்திரேலியாவில் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் தேர்வு அளவுகோல்களை ஒவ்வொன்றாகத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பதிலுக்கு நான்கு படி வைத்திருக்கிறார்கள். எந்தச் சூழ்நிலை, எனக்கு இட்ட பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைந்தது என்ன. அங்கே குடியேறிய நம்மவர்கள் இதைக் கற்றுக்கொண்டுதான் வேலைக்குள் நுழைகிறார்கள். நம் ஊர் அரசு விண்ணப்பங்களில் இவ்வளவு எழுத இடமிருக்காது. ஆனால் தனியார் கம்பெனிகளுக்கும் ஓட்டல்களுக்கும் கப்பல் ஏஜென்சிகளுக்கும் எழுதும் கடிதத்தில் இது அப்படியே பொருந்தும்.

உதாரணத்துக்கு, "சரக்குக் கையாளுவதில் அனுபவமும் குழுவோடு வேலை செய்யும் திறனும் வேண்டும்" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பையன் என்ன எழுதுவான்? "நான் கடின உழைப்பாளி, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், வாய்ப்புக் கொடுத்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்." இது விண்ணப்பமாகாது, மன்றாட்டு. நன்றியை யார் கேட்டார்கள்?

அதையே இப்படி எழுதலாம்: "2021 ஏப்ரல் முதல் 2023 ஜூன் வரை ஜெட்டியில் சரக்கு இறக்கும் எட்டுப் பேர் குழுவில் வேலை செய்தேன். கடைசி ஓராண்டு மூட்டை எண்ணிக்கைக் கணக்கு என் பொறுப்பு. மழைக்காலத்தில் சரக்கு நனையாமல் கிடங்கு சேர்க்க இரண்டு பிரிவாக ஆட்களைப் பிரித்து அனுப்பினேன். எண்ணிக்கையில் குறை வரவில்லை. சான்று இணைப்பு 3." நான்கே வரிகள். ஒரு பொய் இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. உழைத்தவனுக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் போகாது. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் தெரிவதில்லை.

உழைத்ததற்குத் தாள் எங்கே?

இங்கேதான் அடிப்படைப் பிரச்சினை வருகிறது. "சான்று இணைப்பு 3" என்று எழுத வேண்டுமானால் அந்த மூன்றாவது இணைப்பு கையில் இருக்க வேண்டும் அல்லவா?

படித்த குடும்பத்தில் தாள் சேருவது இயல்பாக நடக்கிறது. கூலிக் குடும்பத்தில் உழைப்பு சேருகிறது, தாள் சேருவதில்லை. இருபது வருடம் மூட்டை தூக்கியவரிடம் இருபது வருடத்துக்கும் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டு இராது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீட்டோடு தகரப் பெட்டியும் போன குடும்பங்களின் கதி இன்னும் மோசம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட நம் மக்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட தாளால் இங்கே வந்தவர்களின் தாளைக் கடல் கொண்டுபோனது.

ஆனால் சட்டம் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை முடியும்போது காண்டிராக்டர் பணிச் சான்று கொடுக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் மத்திய விதிகளே சொல்லின. அரை நூற்றாண்டில் அதைக் கேட்டு வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? நான் வாங்கியதில்லை. அப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றி நமக்குப் பல குறைகள் உண்டு. அவற்றை வேறொரு இதழில் பேசலாம். ஆனால் அவற்றில் இரண்டு ஏற்பாடுகள் நமக்குப் பயன்படும். பணியாளருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால், அவர் செய்த வேலையின் விவரத்தோடு காண்டிராக்டர் அனுபவச் சான்று கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காதவனுக்குச் சட்டம் தானாக வந்து கொடுக்காது. வேலை முடிந்த அன்றே, கூலிக் கணக்கு முடிக்கும்போதே, பெயர், வேலை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கையெழுத்து, முத்திரை ஆகியவை கொண்ட ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் காண்டிராக்டர் இருக்கமாட்டார். இருந்தாலும் நம்மை அடையாளம் தெரியாது என்பார்.

"உள்ளூர்" என்பதற்கு இலக்கணம் என்ன?

இதுவரை நம் பக்கத்துக் குறையைச் சொன்னேன். இனி ஆள்வோர் பக்கம்.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேள்வி தெளிவாக இருக்க வேண்டாமா? இத்தீவுகளில் வேலை அறிவிப்புகளில் "உள்ளூர்வாசி" என்ற சொல் வருகிறது. உள்ளூர்ச் சான்று, தீவுவாசி அட்டை, வேலைவாய்ப்பகப் பதிவு என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருக்கிறது. இங்கே பிறந்து, இங்கே பள்ளியில் படித்து, தமிழைவிட இந்தியை நன்றாகப் பேசும் பிள்ளையிடம் "உன் அப்பா எந்த வருடம் வந்தார், அதற்குத் தாள் எங்கே?" என்று கேட்டால் அவன் எங்கே போவான்? அப்பா இறங்கிய கப்பலின் டிக்கட்டையா தேடுவான்?

அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணமாகக் காட்டி அரசுப் பணியில் பாகுபாடு செய்யலாகாது என்கிறது. வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. 1957-ல் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் செய்தபோது இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, தெலங்கானா ஆகிய பகுதிகளைக் குறித்தது. நம் தீவுகளின் பெயர் அதில் இல்லை. தெலங்கானா பற்றிய பகுதியையும் 1969-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

அப்படியானால் உள்ளூர்க்காரருக்குப் பாதுகாப்பே வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து. நம் சங்கத்திலேயே சிலர் இதில் மாறுபடக்கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பயிற்சி நிலையங்களில் ஆண்டுக் கணக்கில் படித்துவிட்டு விமானத்தில் வந்து தேர்வெழுதிப் போகிறவரோடு ஹேடோ பிள்ளையும் மாயாபந்தர் பிள்ளையும் கார் நிக்கோபார் பிள்ளையும் சரிசமமாக ஓட முடியுமா? நேற்று வந்த நமக்கு ஒரு நியாயம், நாளை வருபவருக்கு வேறு நியாயமா என்று கேட்டால் கேள்வி நியாயமானதே. அதனால்தான் சொல்கிறேன்: பாதுகாப்பு உறுதியான சட்டத்தின் மேல் நிற்கட்டும். யார் உள்ளூர்வாசி என்ற இலக்கணம் எழுத்தில், ஒரே வடிவில், எல்லா அலுவலகத்துக்கும் பொதுவாக இருக்கட்டும். இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படிப்பே சான்றாகட்டும். ஜன்னலுக்கு ஜன்னல், குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறும் இலக்கணம் வேண்டாம்.

சாதிச் சான்று இன்னொரு சுவர். இந்த ஒன்றியப் பிரதேசத்துக்கென்று பட்டியல் சாதிகள் எவையும் அறிவிக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் என்று சான்று பெற்றவரின் மகன் இங்கே உள்ளூர்ப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பிராமல் போகிறது. சாதி கப்பலேறி வந்துவிட்டது. சலுகை மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது! அகில இந்திய மத்தியப் பணிகளுக்கு அதே சான்று செல்லும் என்பதால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். பிற்பட்டோர் சான்றிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டு அரசு கொடுக்கும் சான்று வேறு; மத்தியப் பணிக்குக் கேட்கும், வசதி படைத்த மேல் அடுக்கில் இல்லை என்று உறுதி சொல்லும் சான்று வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இணைத்து வாய்ப்பை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஆட்டத்தின் நடுவே விதி மாறலாகாது

எழுத்தில் உள்ள அளவுகோலே நம் ஆயுதம். அதனால்தான் அதை ஊன்றிப் படிக்கச் சொல்கிறேன். ராஜஸ்தான் உயர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணிக்குத் தேர்வு நடந்த பிறகு, 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்று புதிதாக நிபந்தனை வைத்தார்கள். அந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2024 நவம்பர் 7-ல் தீர்ப்பளித்தது. விதிகளோ அறிவிப்போ இடம் கொடுத்தாலொழிய, ஆட்டம் தொடங்கிய பின் அதன் விதியை நடுவில் மாற்றக்கூடாது. மாற்ற இடமிருந்தாலும் அது தன்னிச்சையாக இருக்கலாகாது என்றது. வேலைவாய்ப்பகம் அனுப்பும் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிப்போர் அனைவரையும் கருத வேண்டும் என்று 1996-லேயே ஒரு தீர்ப்பு உண்டு.

தள்ளப்பட்டவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, என் விண்ணப்பம் எந்த நிபந்தனையில் விழுந்தது என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். அநீதி என்று தெரிந்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே போய் நிற்பவரின் விண்ணப்பம் முதலில் குறையற்றதாக இருக்க வேண்டும். ஒழுக்கச் சான்றை மட்டும் இணைத்தவருக்காக எந்த வக்கீலும் வாதாட முடியாது.

நாம் கேட்பவை

நிர்வாகத்திடம் நான்கு கோரிக்கைகளை நம் சங்கம் வைக்க வேண்டும். உள்ளூர்வாசி இலக்கணத்தை ஒரே ஆணையாக, மக்கள் பேசும் மொழிகளில் வெளியிடுக. தள்ளப்பட்டோர் பட்டியலைக் காரணத்தோடு ஒட்டி, சிறு குறைகளைத் திருத்த அவகாசம் கொடுக்க. அரசு வேலை எடுத்த காண்டிராக்டர், தொழிலாளிகளுக்குச் சான்று கொடுத்த பிறகே கடைசி பில்லைப் பட்டுவாடா செய்க. பட்டியல் சாதிக் கேள்விக்கு மத்திய அரசிடம் முடிவு பெற்றுத் தருக.

நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. வீட்டுக்கு ஒரு கோப்பு. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பதிவு அட்டை, பணிச் சான்று எல்லாம் அதில் இரண்டு நகலோடு இருக்கட்டும். ஒரு நகல் சென்னையிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். கடல் நம்மைக் கேட்டுவிட்டு வருவதில்லை. ஞாயிறு மாலையில் சங்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, படித்த இளைஞர்கள் இருவர் உட்கார்ந்து, வருகிறவர்களின் விண்ணப்பத்தை அறிவிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இதற்கு நன்கொடை வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும்.

அந்த வெல்டர் பையன் காண்டிராக்டர்களைத் தேடிப் பிடித்து இரண்டு சான்றுகளை வாங்கிவிட்டான். தேதியோடு, முத்திரையோடு. மூன்றாமவர் ஊரைவிட்டே போய்விட்டார். அந்த ஒன்றரை வருட உழைப்பு கணக்கில் வராமலே போனது. மிச்சம் இருப்பது மூன்றரை வருடம். கேட்பது இரண்டு. அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான்.

அவன் அப்பாவும் என்னோடு அதே ஜெட்டியில் மூட்டை தூக்கியவர். அவர் உழைப்புக்குத் தாள் இல்லை. மகன் உழைப்புக்காவது இருக்கட்டும்.